ஆடியில் தேடவேண்டியது

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பட்டணத்தில் ஜனங்கள் தேடுவது தள்ளுபடியைத்தான். ஜவுளிக்கடை வாசல்களில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை யாரோ 'ஆடித் தள்ளுபடி தேடி அலை' என்று திருத்தி எழுதிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. புடவை வாங்குவதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. அந்தப் புடவைப் பையோடு நாலைந்து விதைப் பொட்டலங்களும் வீடு வந்து சேர்ந்தால், ஐப்பசி முதல் தை வரையில் அடுப்பங்கரையில் ஒரு பெருங்கவலை குறையுமே என்பதுதான் நமது ஆசை.

அந்தப் பழமொழியில் நாம் எல்லோரும் 'ஆடி' என்ற சொல்லையும் 'விதை' என்ற சொல்லையும் பிடித்துக்கொள்கிறோம். நடுவில் நிற்கும் 'தேடி' என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. கையில் அகப்பட்ட விதையை ஆடியில் போடு என்று பெரியவர்கள் சொல்லவில்லை. தேடிப் போடு என்றார்கள். எதைத் தேடுவது? எப்படித் தேடுவது? செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலுள்ள மண்ணையும் மழையையும் வைத்துக்கொண்டு இந்த வாரம் அதைக் கொஞ்சம் ஆராயலாம்.

குளிர்நாடுகளில் இந்த வித்தையை அழகாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் கோடையின் நடுவே, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், இலையுதிர் காலத்து அறுவடைக்காகக் காய்கறி விதைப்பவர்கள் நாட்களைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். அவர்கள் தோட்டத்துக்கு எமனாக வருவது உறைபனி. தங்கள் ஊரில் முதல் உறைபனி வழக்கமாக எந்தத் தேதியில் விழும் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு காய்க்கும் எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாளை அந்தத் தேதியிலிருந்து கழித்து, விதைக்கும் நாளைக் குறித்துக்கொள்கிறார்கள். கணக்கில் அடங்காத காயை அந்த வருஷம் தொடுவதே இல்லை.

செங்கற்பட்டு ஜில்லாவில் உறைபனி கிடையாது. ஆனாலும் எண்ணுவதற்கு நமக்கும் தேதிகள் உண்டு. ஒன்றல்ல, மூன்று.

முதல் தேதி ஐப்பசி 3. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியாக அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. சில வருஷம் ஒரு வாரம் முந்தும்; சில வருஷம் ஒரு வாரம் பிந்தும். இந்த ஜில்லாவில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது அன்று தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

இரண்டாவது தேதி கார்த்திகையின் பின்பாதி. 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்தவர் யார்? 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் சென்னைக் கரையைத் தாக்கி மரங்களையெல்லாம் சாய்த்தது. 2022-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி நள்ளிரவை ஒட்டி 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையேறியது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்த மூன்று நாட்களும் கார்த்திகை பாதியாகி மார்கழி பிறப்பதற்குள் அமைந்திருப்பது தெரியவரும். புயல் எல்லா வருஷமும் வருமென்பதில்லை. ஆனால் பந்தல் போடுகிறவன் அதை நினைத்துத்தான் போடவேண்டும்.

மூன்றாவது தேதி தை முதல் நாள். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆடி முதல் தேதியிலிருந்து ஐப்பசி 3 வரையில் 95 நாள். ஆடிப் பெருக்கான பதினெட்டாம் தேதியிலிருந்து எண்ணினால் 78 நாள். ஆடி முதல் தேதியிலிருந்து தைப் பொங்கல் வரையில் ஆறு மாதம். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு விதைக்கடைக்குப் போனால், கடைக்காரர் நமக்குப் புத்தி சொல்லவேண்டிய அவசியம் ஏற்படாது.

மழைக்கு முன்னால் காய்த்து முடிந்துவிடுகிறவை முதல் வகை. முளைக்கீரையை விதைத்த 25-ம் நாள் பிடுங்கிச் சமைத்துவிடலாம். தண்டுக்கீரைக்கு ஒன்றரை மாதம் வேண்டும். ஐப்பசி மழையில் கீரைப் பாத்தி சேறு தெறித்து அழுகிப்போகும் என்பதால் கீரையை ஆடியிலும் ஆவணியிலும் இரண்டு மூன்று தவணையாக விதைத்து அனுபவித்துவிடுவதே விவேகம். வெண்டை ஏழு வாரத்தில் முதற்காய் கொடுக்கிறது. ஆடிப் பெருக்கன்று விதைத்தால் புரட்டாசி முதல் வாரத்தில் பறிக்கத் தொடங்கலாம். மழை வருமுன் ஒரு மாதம் முழுவதும், ஒருநாள் விட்டு ஒருநாள், காய் கிடைக்கும். அதே வெண்டையை ஒரு மாதம் சோம்பியிருந்து ஆவணி 18-ல் விதைத்தால் என்ன ஆகும்? முதற்காய் பறிக்கும் நாளும் முதல் மழை விழும் நாளும் ஒன்றாக வந்து சேரும். விதை ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். கெட்டது கணக்கு மாத்திரமே.

வெண்டையில் கவனிக்கவேண்டிய இன்னொரு விஷயம் இலை நரம்பெல்லாம் மஞ்சளித்துக் காயும் வெளுத்துப்போகும் தேமல் நோய். வெள்ளை ஈ என்ற சின்னஞ்சிறு பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. இந்த நோயைத் தாங்கும் 'அர்கா அனாமிகா' என்ற இனத்தை, காட்டு வெண்டை ஒன்றோடு கலந்து, பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கியிருக்கிறார்கள். அதை நம் வீட்டிலேயே விதையெடுத்து மறுபடியும் விதைக்கலாம். நோய் கண்ட செடியை இரக்கம் பாராமல் பிடுங்கிவிட வேண்டும்.

கொத்தவரையும் இந்த முதல் வகையைச் சேர்ந்ததே. ஐம்பது அறுபது நாளில் காய்க்கத் தொடங்கும். அதன் பெருமையைக் கடற்கரை மணலைப் பற்றிப் பேசும்போது சொல்லுகிறோம்.

மழையை நின்று தாங்குகிறவை இரண்டாவது வகை. இவற்றில் தலையானது கத்தரி. ஆடி முதல் வாரத்தில் நாற்றுவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் பிடுங்கி நட்டால், மழை தொடங்கும் சமயத்தில் செடிக்கு இரண்டு மாத வேர் இருக்கும். பூவும் பிஞ்சுமாக நிற்கும். பெருமழையில் சில பிஞ்சு உதிரலாம். மழை விட்டதும் செடி மறுபடியும் துளிர்த்துத் தை வரையில் காய்க்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், கோவர்த்தன மலையைக் கையால் ஏந்தி ஆயர்களையும் ஆக்களையும் பெருமழையிலிருந்து காக்கும் கண்ணனைப் பல்லவச் சிற்பிகள் பாறையில் வடித்திருக்கிறார்கள். நம் கத்தரிச் செடிக்கு அப்படிக் குடை பிடிக்க யாரும் வரமாட்டார்கள். அது ஏறி நிற்க நாமே ஓரடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டுக் கொடுக்க வேண்டும். பாத்திகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டி, அதன் வாயைத் தாழ்ந்த பக்கமாகத் திறந்துவிட வேண்டும். இந்த வேலையை மண் காய்ந்திருக்கும் ஆடியிலேயே செய்துவிடுவது நலம். மழை கொட்டும்போது மண்வெட்டியைத் தூக்குவது வீண் வேலை.

மிளகாயும் அப்படியே. அதற்கு நாற்றங்காலில் ஆறு வாரம் தேவை. வாடித் தொங்கும் கத்தரிக் குருத்தைக் கண்டால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறதென்று அறிந்து, கீழே ஒரு விரற்கடை சேர்த்துக் கிள்ளி அழித்துவிட்டால், மருந்து தெளிக்கும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும். இது குழந்தைகள் சந்தோஷமாகச் செய்யக்கூடிய காரியம்.

கொடிகளுக்கு இரண்டாவது தேதிதான் முக்கியம். பீர்க்கும் பாகலும் இரண்டு மாதத்தில் காய்க்கும். ஆடிப் பெருக்கன்று குழிக்கு மூன்று விதை ஊன்றினால் புரட்டாசி நடுவில் பறிக்கத் தொடங்கலாம். புடலுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக வேண்டும். ஆகையால் அதை ஆடி முதல் தேதியை ஒட்டியே ஊன்றிவிட வேண்டும். கார்த்திகைப் புயல் பந்தலைச் சாய்ப்பதற்குள் இந்தக் கொடிகள் தங்கள் கடனைத் தீர்த்துவிட்டிருக்கும். அதற்குப்பின் பந்தல் விழுந்தாலும் நஷ்டம் கழிகளோடு நிற்கும். பரங்கியோ தரையில் படர்வது. காற்று அதை ஒன்றும் செய்யாது. மூன்று நான்கு மாதத்தில் முற்றிப் பழுத்த காயைப் பரண்மேல் வைத்துவிட்டால் பொங்கலுக்கு இருக்கும்.

ஆறு மாதம் காத்திருந்து தைக்கென்றே காய்ப்பவை மூன்றாவது வகை. கொடியவரையும் மொச்சையும் இதைச் சேர்ந்தவை. தாவர சாஸ்திரப்படி இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு பிரிவுகள். ஒன்றைத் தோலோடு தின்கிறோம்; மற்றொன்றை உரித்துப் பருப்பைத் தின்கிறோம்.

திருக்கழுக்குன்றத்தில் விதை விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "பாட்டி, இந்த அவரை எத்தனை நாளில் காய்க்கும்?" என்று கேட்டோம்.

"நாளை எண்ணிக் காய்க்கிற சாதி இல்லீங்க ஐயா இது. பனி இறங்கணும். அப்பத்தான் பூவெடுக்கும்" என்றாள் அவள்.

அந்தப் பதிலில் ஒரு பெரிய சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. சில செடிகள் பூப்பதும் பூக்காததும் பகல் நீளத்தைப் பொறுத்தது என்ற உண்மையை, அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையையும் சோயா மொச்சையையும் வைத்துச் சோதித்து 1920-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். நம் நாட்டுக் கொடியவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். செங்கற்பட்டில் ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. நாம் அதைக் கவனிப்பதில்லை, அவரைக்கொடி கவனிக்கிறது. பாட்டி பனி என்றாள். சாஸ்திரிகள் பகல் நீளம் என்றார்கள். இந்த ஊரில் இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் வழக்கில் பேதம் ஒன்றுமில்லை.

கொடியவரையை ஆடியில் விதைப்பதன் நியாயமும் இதிலிருந்தே விளங்கும். சித்திரையில் விதைத்தால் கோடை முழுவதும் கிணற்று நீரைக் குடித்து இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். புரட்டாசியில் விதைத்தால் கொடி வளருமுன்னே பகல் குறுகிவிடும். சிறு கொடியில் சிறு காய்ப்பு. ஆடியில் விதைத்த கொடி மூன்று மாதம் பரவிப் பெருத்து, பனிக்காலம் வந்ததும் உடலெல்லாம் பூவாக நிற்கும். இதற்கு உயர்ந்த பந்தல் வேண்டாம். வேலியிலோ இடுப்பளவான தாழ்ந்த பந்தலிலோ படரவிட்டால் கார்த்திகைக் காற்று அதன் மேலாகப் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் பகல் நீளத்தைப் பாராட்டாமல் ஆண்டு முழுவதும் காய்க்கும் குத்தவரை இனங்களையும் வெளியிட்டிருக்கிறார்கள். அவையும் நல்லவையே, இரண்டு மாதத்தில் காய்த்துவிடும். பொட்டலத்தில் 'அவரை' என்று மட்டும் இருந்தால் கொடியவரையா குத்தவரையா என்று கேட்டு வாங்க வேண்டும். கொடியை எதிர்பார்த்துப் பந்தல் போட்டவனுக்குக் குத்துச் செடியும், குத்துச் செடியை எதிர்பார்த்தவனுக்கு ஆறு மாதம் பூக்காத கொடியும் கிடைத்தால் வீட்டில் நடக்கும் சம்பாஷணையை நாம் வர்ணிக்கவேண்டியதில்லை.

சர்க்கரைவள்ளிக்கு விதை தேவையில்லை. ஒரு சாண் நீளக் கொடித் துண்டுகளைப் புரட்டாசியில் கரைமேல் நட்டால், நான்கு மாதத்தில், சரியாகப் பொங்கலுக்குக் கிழங்கு வெட்டலாம்.

மார்கழித் திருவாதிரைக் களிக்குச் செய்யும் ஏழுகறிக் கூட்டையும், பொங்கலன்று வைக்கும் குழம்பையும் நினைத்துப் பாருங்கள். அவரை, மொச்சை, பரங்கி, கத்தரி, சர்க்கரைவள்ளி. இவற்றையெல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்த்தது யாருடைய ருசியும் மாத்திரமல்ல. ஆடித் தோட்டத்தின் கணக்கு. ஆறு மாதத்துக்கு முன் தேடி விதைத்தவள், தான் தேடியது சரிதான் என்று சூரிய பகவான் முன்னிலையில் காட்டும் சாட்சி அது.

தேசாபிமானம் மிகுந்த நேயர்கள் சிலர், அப்படியானால் நாட்டுக் காய்களை மட்டும் போட்டுச் சீமைக் காய்களை ஒதுக்கவேண்டும் என்று சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். கத்தரி நம்முடையது என்பது மெய்தான். ஆனால் பரங்கிக்காய் தான் அயலிலிருந்து வந்ததைத் தன் பெயரிலேயே சொல்லிக்கொள்கிறது. சர்க்கரைவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. அவை நம் மழைக்கும் வெயிலுக்கும் இசைந்து நடந்ததால் நம் வீட்டுப் பெண்களாகிவிட்டன. கோசும் பூக்கோசும் நீலகிரிக் குளிரை நாடுகிறவை. ஆடி வெயிலில் செங்கற்பட்டில் நட்டால் வாடிப்போகும். தக்காளியோ ஐப்பசி ஈரத்தில் இலை கருகிக் காய் வெடித்து அழுகும். அதற்கு ஐப்பசி கடைசியில் கூரை நிழலில் நாற்றுவிட்டு, அடைமழை ஓய்ந்தபின் நடுவதே முறை. சேனையைச் சித்திரை, வைகாசியிலேயே ஊன்றியிருக்க வேண்டும். அதற்கு எட்டு ஒன்பது மாதம் ஆகும். முருங்கைக்குக் காற்றும் ஆகாது, தேங்கிய நீரும் ஆகாது. இருக்கிற மரத்தின் நீண்ட கிளைகளைப் புரட்டாசியில் கழித்துவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம். பிறந்த நாட்டைப் பார்ப்பதைவிடப் பருவத்தைப் பார்த்துக் காயைத் தேர்ந்தெடுப்பதே சுதேசியம்.

மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். செங்கற்பட்டு நகரைச் சுற்றிச் செம்மண்ணும், ஏரிகளின் கீழே களிமண்ணும் உண்டு. ஏரிகள் நிறைந்த ஜில்லா என்று பேர்பெற்றது இது. கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் நிரம்பும் வருஷத்தில் களிமண் தோட்டங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். அங்கே மேட்டுப் பாத்தியே உயிர். கிழக்கே கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் நிலைமை நேர்மாறானது. மணலில் தண்ணீர் நிற்பதே இல்லை. அதோடு எருவும் இறங்கிவிடும். அங்கே மேடு வேண்டாம். குழியில் மக்கிய குப்பையும் கொஞ்சம் ஏரி வண்டலும் இட்டு, எருவை ஒரேயடியாகப் போடாமல் தவணை தவணையாகப் போட வேண்டும். அம்மியையே பறக்கடிக்கும் என்று பேர்வாங்கிய ஆடிக்காற்று நாற்றுக்களைச் சாய்த்துவிடாதபடி மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி நிறுத்தவும் வேண்டும்.

கடற்கரையில் கிணற்று நீரையும் நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். மணலுக்கடியில் நல்ல நீர், உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி வரையில் நல்ல நீர் நிற்கும் என்பது கணக்கு. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் நாட்டில்தான் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கணக்கு முதலில் எழுதப்பட்டது. இதன் பொருள், மேலே ஓரடி குறையும்படி இறைத்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறிவர இடம்கொடுக்கிறோம் என்பது. ஆகவே மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிடாமல், காலையும் மாலையும் கொஞ்சமாக இறைப்பது நல்லது. தண்ணீர் சற்றே கரிப்பாயிருந்தால் அங்கே மிளகாயும் பீன்சும் முள்ளங்கியும் தேறமாட்டா. கொத்தவரை தேறும். காய்கறிகளுள் உப்பைப் பொறுப்பதில் அதற்கு ஈடானவை சிலவே. மணலும் பிடிக்கும், கரிப்பும் பொறுக்கும், ஐப்பசிக்குள் காய்த்தும் கொடுக்கும் ஒரு செடியைக் கடற்கரை வீட்டார் மறக்கலாமா? வடகிழக்கு மழை மணலிலுள்ள உப்பைக் கழுவிவிடும். உப்பைப் பொறாத காய்களை அதன்பிறகு மார்கழியில் வைத்துக்கொள்ளலாம்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. வீரிய ஒட்டு விதை முதல் வருஷம் நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து எடுத்த விதை தாயைப்போல இராது. வருஷந்தோறும் கடைக்குப் போக வேண்டும். வெண்டை, கொத்தவரை, அவரை ஆகியவற்றின் சாதாரண இனங்களில் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், நல்ல செடி ஒன்றில் நாலு காயை முற்றவிட்டு, வெயிலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை தயார். பீர்க்கு, பாகல் முதலியவற்றுக்குத் தேனீக்கள் மகரந்தம் கொண்டுவருவதால், பக்கத்தில் வேறு இனம் இல்லாத இடத்தில்தான் விதைக்குக் காய் விட வேண்டும். 1868-ம் வருஷத்தில் சர்க்கார் விவசாயப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த சைதாப்பேட்டையில்தான். அது 1906-ல் கோயமுத்தூருக்குப் போய், இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆனால் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இந்த ஜில்லாவின் ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு விவசாயக் கலாசாலை நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை பாட்டி, மாணவி பேத்தி, புத்தகம் விதைப் பானை. அந்தக் கலாசாலை ஒன்றொன்றாக மூடிக்கொண்டு வருவதுதான் நமக்குப் பெரிய வருத்தம். பொட்டலத்தில் விதையை விலைகொடுத்து வாங்கலாம். பனி இறங்கினால்தான் பூவெடுக்கும் என்ற ஞானத்தைப் பொட்டலத்தில் கட்டித் தருவாரில்லை.

கார்த்திகை மழையில் லாரிகள் நின்றுபோனால் கோயம்பேட்டில் விலை ஏறுகிறது. அங்கே ஏறினால் செங்கற்பட்டிலும் ஏறுகிறது. நம் வயலில் விளைந்தது கோயம்பேடு போய் மறுபடி நம் தெருவுக்கே வருகிற வேடிக்கையையும் காண்கிறோம். 1946-ம் வருஷத்தில் தேசத்தில் உணவு நெருக்கடி வந்தபோது, பூந்தோட்டங்களிலும் உணவுப் பொருள்களை விளைவிக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னார். அப்போதைய நெருக்கடி இப்போது இல்லை. ஆயினும் சம்பளம் வாங்கும் குடும்பத்தில் மாதக் கடைசியில் வரும் நெருக்கடி ஓய்ந்தபாடில்லை. குழந்தைகளின் இலையில் முதலில் குறைவது காய்கறிதான். இந்தச் சிறு கணக்கினால் அது குறையாமலிருக்குமானால், அதைச் செய்யாமலிருக்க என்ன காரணம் சொல்வது?

இரண்டு சென்ட் இடம், அதாவது ஏறக்குறைய 870 சதுர அடி உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. ஆவணி பிறந்தபின் சூரியன் இந்த ஊரில் தெற்கே சாய்ந்து போவதால், பந்தலை வடக்கு ஓரத்தில் போடுங்கள். மற்றச் செடிகள்மேல் நிழல் விழாது. பந்தலுக்குப் பீர்க்கு இரண்டு குழி, பாகல் ஒரு குழி, புடல் ஒரு குழி. வேலியோரம் கொடியவரை நான்கு குழி, மொச்சை இரண்டு குழி. நடுவில் மேட்டுப் பாத்தியில் இரண்டடிக்கு ஒன்றாகக் கத்தரி இருபது செடி, பத்து மிளகாய். தெற்கே வெண்டை முப்பது செடி. பாதியை ஆடி முதல் வாரத்திலும் பாதியைப் பெருக்கன்றும் போடுங்கள். அதற்கு முன்னால் கொத்தவரை இரண்டு வரிசை, கீரை ஒரு பாத்தி. கீரை முடிந்த பாத்தியில் புரட்டாசியில் சர்க்கரைவள்ளி. குப்பை கொட்டும் மூலையில் பரங்கி ஒரு குழி. மாடி மட்டுமே உள்ளவர்கள் கொடிகளைக் குறைத்து, பைகளில் கீரையும் வெண்டையும் கத்தரியும் குத்தவரையும் வைக்கலாம். கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்தால் பைகளைச் சுவரோரம் இறக்கி வைத்துவிடலாம். நிலத்தில் வைத்தவனுக்கு இல்லாத சௌகரியம் அது.

கத்தரி நாற்றுக்கும் புடலுக்கும் ஆடி முதல் வாரம்; வெண்டையின் பின்பாதிக்கும் மற்றக் கொடிகளுக்கும் பெருக்கு; சர்க்கரைவள்ளிக்குப் புரட்டாசி. இந்த மூன்றையும் சமையலறை நாட்காட்டியில் இன்றே குறித்துவைத்து, விதை வாங்கப் போகும்போது வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அவரை என்று அவர்களுக்குத் தெரியும்.